நாற்பது வயது முகம், எட்டு காப்பி

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, உடையாங்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிற ஞானதிரவியம், ரைஸ்மில் தங்கப்பழத்தின் மகன் ராஜலிங்கத்தை ஸ்டூலில் உட்காரவைத்து, கடைக்கென்று இருக்கிற ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டு, நாடியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, தோளை நிமிர்த்தச் சொல்லி, "இங்க பாரு" என்று சொல்லி எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் எட்டு காப்பியாக மெஷினிலிருந்து இறங்கியபோது, அதில் ராஜலிங்கத்துக்கு நாற்பது வயதாகியிருந்தது. மீசை இருந்தது, கழுத்தில் இரண்டு மடிப்பு இருந்தது, தலையில் மட்டும் ஒன்றுமே இல்லை.

தங்கப்பழம் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையன் முகம்தான், சந்தேகமே இல்லை. அதே அகலக் காது, புருவத்தில் அதே தழும்பு.

"என்ன வே, எம்மவன் தலையில முடியக் காணும்?"

"மை கொறஞ்சிருக்கும் அண்ணாச்சி. இன்னொண்ணு போடுதேன்."

இன்னொன்று போட்டார். அதிலும் இல்லை. பிரிண்டரைத் திறந்து துடைத்து மூன்றாவதும் போட்டார். "மை கொறஞ்சா தலையில மட்டுந்தான் கொறையுமா? மீசை கறுப்பாத்தான வே விழுந்திருக்கு?" என்று தங்கப்பழம் கேட்டார். ராஜலிங்கம் மட்டும் ஸ்டூலை விட்டு இறங்காமல் தன் தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பாவம்.

ஞானதிரவியத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. காலேஜ் சீசனில் படங்கள் ஆள்மாறிப் போய்விடக் கூடாது என்று, எடுப்பதற்கு முன்னாலேயே கவரில் பிள்ளையின் பெயரையும் சேரப்போகிற படிப்பையும் எழுதி வைத்துவிடுவார். ராஜலிங்கத்தின் கவரில் பி.இ. மெக்கானிக்கல் என்று இருந்தது. தங்கப்பழம் கோபத்தில் அந்தக் கவரைக் கிழித்துப்போட்டு, "இவன் மெக்கானிக்கலும் படிக்க வேண்டாம், ஒரு எழவும் படிக்க வேண்டாம், சிவில்னு எழுதிப் புதுசா எடும்" என்றார். சிவில் என்று எழுதி எடுத்ததில் காதோரம் கொஞ்சம் முடி வந்தது. பி.காம். என்று எழுதி எடுத்ததில் தலை நிறைய, நெற்றி வரை, சுருட்டை சுருட்டையாக முடி வந்தது. ராஜலிங்கத்தின் எதிர்காலம் அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. கணக்கு என்றால் காய்ச்சல் வருகிற பையன் அவன், அதை யாரும் அன்றைக்குப் பேசவில்லை.

இது எதனால் ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று உடையாங்குறிச்சியில் யாரும் ரொம்ப மெனக்கெடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டவுனிலிருந்து கேமரா மெக்கானிக் ஒருவர் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு ஊதித் துடைத்து மாட்டி, தன்னையே ஒரு படம் எடுத்துப் பார்த்து, அதில் தன்னுடைய ஐம்பத்திரண்டு வயது ஐம்பத்திரண்டாகவே இருக்கக் கண்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். பதினேழிலிருந்து இருபது வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும்தான் அப்படி விழுந்தது. கேமராவுக்கும் விவரம் இருந்திருக்கிறது, மற்றவர்களுக்கெல்லாம் விழுந்து இனி என்ன ஆகப்போகிறது? ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

மறுநாள் விடியுமுன்னே வரிசை நின்றது. பெற்ற தாய்மார் வந்தார்கள், தகப்பன்மார் வந்தார்கள், சித்தப்பாமார் வந்தார்கள், பெரியம்மைமார் கையில் பலகாரத்தோடு வந்தார்கள், நடுவில் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு கவர், ஏழு கவர். அதே கோட்டு, அதே ஸ்டூல், அதே பவுடர் டப்பா. கழுத்துக்குக் கீழே எல்லாருக்கும் ஒரே கோட்டு என்பதால், ஒரு பிள்ளையின் முழு வாழ்க்கையையும் காலருக்கு மேலே தெரிகிற முகத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது. அந்தக் கணிப்பில் பக்கத்துக் கடை மெடிக்கல் ஆறுமுகநயினாரை அடிக்க ஆளில்லை. அவர் மாத்திரை கொடுப்பதையே பாதி மறந்துபோய் ஸ்டுடியோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கன்னம் உப்பியிருந்தால் சாப்பாட்டுக்குக் குறையில்லை, ரொம்பவே உப்பியிருந்தால் தைராய்டு. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தால் நைட் ஷிப்ட். கழுத்தில் செயின் பட்டையாக இருந்தால் நிரந்தர உத்தியோகம், செயினும் பட்டை, தோலும் வெளுப்பு என்றால் வெளிநாடு. "எழுதி வச்சுக்கிடுங்க, நான் பாத்த முகம் தப்பாது" என்று அடித்துச் சொல்வார். ஜனங்கள் நிஜமாகவே எழுதி வைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு நாற்பது வயதுப் படத்தையும் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு தகப்பனார், மகள் படத்தில் தன் மாமியாரின் மூக்கு வந்துவிட்டதென்று அந்தப் படிப்பையே வேண்டாமென்றார். பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரருக்குத்தான் யோகம், ஏனென்றால் நாற்பது வயதுப் படத்தை விண்ணப்பத்தில் ஏற்றினால் கம்ப்யூட்டர் துப்பிவிடும். ஆகவே இங்கே எடுத்து முடிவு செய்துவிட்டு, பஸ் ஏறிப் போய் அங்கே ஒரு சாதாரணப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மனுஷர் நன்றி மறக்காமல் ஞானதிரவியத்துக்கு ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்தனுப்பினார்.

பி.காம். பீஸ் கட்டியான பிறகு, சலூன்காரர் ஒருவர் ராஜலிங்கத்தின் படத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய, இது டோப்பா" என்று சொல்லிவிட்டார். தங்கப்பழம் ஒரு நிமிஷம்தான் ஆடிப்போனார். பிறகு, "டோப்பா வாங்குற அளவுக்கு வசதியா இருக்காம்லா, அது போதும்" என்று படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறைதான் அடிக்கடி வந்தது. வருகிற படங்களில் பாதிக்கு மேல் கண் நேராக இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நேராகத்தான் பார்க்கும், படத்தில் இருக்கிற நாற்பது வயது ஆள் மட்டும் எங்கேயோ ஓரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "கண்ணு கோணலா இருக்கே, ஞானம்" என்பார்கள். "அதுக்கென்ன, ரெண்டு நிமிச வேலை" என்று ஞானதிரவியம் கம்ப்யூட்டரில் கருவிழியைப் பிடித்து இழுத்து நடுவில் வைத்துக் கொடுத்துவிடுவார். தொழில் சுத்தமான ஆள். நாற்பத்து மூன்று ஜோடிக் கண்களை அப்படி நிமிர்த்திக் கொடுத்திருந்தார்.

இப்படி ஊர்ப்பிள்ளைகளின் எதிர்காலத்தையெல்லாம் எட்டு எட்டுக் காப்பியாக வெட்டிக் கொடுத்தவருக்கு, தன் ஒரே மகள் பெர்சிஸை ஸ்டூலில் உட்காரவைக்க மட்டும் கை வரவில்லை. ஐந்நூற்று முப்பத்தொன்று மார்க் வாங்கிய பிள்ளை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, கடைசியில் வியாழக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு எல்லாக் காலேஜுக்கும் விண்ணப்பம் மூடுகிறது. அதற்குள் மகள் என்ன படிக்கப்போகிறாள் என்று தீர்ந்தாக வேண்டும்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. ஞானதிரவியத்துக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், ஏசி ரூமில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று. அவர் மனைவி கிருபைக்கு மகள் பி.எட். முடித்து டீச்சராக வேண்டும், நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆறுமுகநயினாருக்கு பி.ஃபார்ம். தங்கப்பழத்துக்கு வேறென்ன, பி.காம். பள்ளிக்கூடத்து சுகந்தி டீச்சர் தன் பங்குக்கு நிலவியல் என்று ஒரு தாளை நீட்டி, "பூமி, பாறை, மண்ணு பத்தின படிப்பு. சீட்டு காத்துக் கெடக்கு, யாருமே கேக்க மாட்டேங்காங்க" என்றார். அவர்கள் போகிற சர்ச் சபையிலிருந்து இரண்டு, சொந்தக்காரர்களிடமிருந்து நாலு. மொத்தம் பதினொன்று. பெர்சிஸ் ஒவ்வொருவருக்கும் "சரி" என்றாள். கம்ப்யூட்டருக்கும் சரி, டீச்சருக்கும் சரி, மருந்துக்கும் சரி. "எம்புள்ள சொன்ன சொல்லைத் தட்டாது" என்று ஞானதிரவியம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். முன்பெல்லாம் கடையில் உட்கார்ந்து காலையிலிருந்து வாய் ஓயாமல் தொணதொணப்பவள் ரெண்டு வாரமாக ஒற்றை வார்த்தைக்கு வந்துவிட்டதை, பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். தகப்பன்மாருக்கு இப்படி நினைத்துக்கொள்வது சௌகரியம்.

வியாழக்கிழமை பகல் முழுக்க, பதினொரு கவர் எழுதி, பதினொரு தடவை எடுத்தார். கோட்டுக்குள் வேர்த்துக் கொட்ட அவள் பதினொரு தடவையும் அசையாமல் உட்கார்ந்தாள். படங்களைக் கண்ணாடி மேஜையின் மேல் பரப்பியதும் ஊரே எட்டிப் பார்த்தது. சும்மா சொல்லக் கூடாது, எல்லாமே நல்ல முகம்தான். கம்ப்யூட்டர் பெர்சிஸ் வெளுத்துப்போய்க் கண்ணாடி போட்டிருந்தாள். டீச்சர் பெர்சிஸ் பூசினாற்போல இருந்தாள். பி.ஃபார்ம். பெர்சிஸ் கழுத்தில் கிடந்த செயினைப் பார்த்து நயினார் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். நிலவியல் பெர்சிஸ்தான் வெயிலில் காய்ந்து, முடியை ஒட்ட வெட்டி, பாதி நரைத்து, காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தாள். அந்தப் படத்தை யாரும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

ஆனால் பதினொரு பெர்சிஸும் இடது பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாறுகண்ணு வே" என்றார் நயினார். "நாப்பது வயசுல வரும் போலுக்கு. நல்ல கண்ணாஸ்பத்திரி ஒண்ணு சொல்லுதேன், இப்பமே காட்டிருவோம்."

ஞானதிரவியம் வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மகளின் கண்ணைப் பிடித்து நடுவில் இழுத்து வைத்தார். வைத்துவிட்டுப் பார்த்தார். ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி இருந்தது. மறுபடி ஓரத்தில் கொண்டுபோய் விட்டதும்தான் அது பெர்சிஸ் ஆயிற்று.

பிறகு அவர் செய்ததையெல்லாம் பார்த்தால் சிரிப்பாக இருக்கும். கைக்குழந்தைகளைப் பார்க்கவைப்பதற்கென்று வைத்திருந்த ரப்பர் வாத்தை எடுத்து, கேமராவுக்கு மேலே பிடித்துக் கீச்சுக் கீச்சென்று அமுக்கினார். கிலுகிலுப்பையை ஆட்டினார். "ஏட்டி, இங்கன பாரு, இங்கன, அப்பாவைப் பாரு" என்று கைதட்டினார். "பாத்துக்கிட்டுத்தானப்பா இருக்கேன்" என்றாள் பெர்சிஸ். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படத்தில் மட்டும் நாற்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி, பெற்ற தகப்பன் வாத்தை அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டும் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிருபை சோற்றுத் தூக்குவாளியோடு கடைக்கு வந்தாள். "இன்னுமா முடியல? அஞ்சு மணிக்குள்ள போடணும்னு தெரியாதா?" என்றாள். ஞானதிரவியத்துக்குத் திடீரென்று என்ன தோன்றிற்றோ, "நீ ஒரு தடவை அமுக்கு" என்றார்.

"நானா? நான் அமுக்கி ஒடஞ்சு போச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது."

"ஒடையாது. அமுக்கு."

அவர் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். உள்ளே கிருபை கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாள். டீச்சர் கவர்தான், அதே கோட்டு, அதே ஸ்டூல். இறங்கிய படத்தில் பூசினாற்போல இருந்த பெர்சிஸ் நேராகப் பார்த்தாள். கொஞ்சம் எரிச்சலோடு, கொஞ்சம் பிரியத்தோடு, அம்மாவைப் பார்க்கிற பார்வையாக.

"நல்லாத்தான இருக்கா" என்றாள் கிருபை. "கண்ணும் நேராத்தான இருக்கு. உங்களுக்குத்தான் என்னவோ."

அவர் உள்ளே வந்து அதே கவரோடு தானே ஒன்று எடுத்தார். சுவர். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டுக்கும் நடுவே மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான், கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆள்.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியாததல்ல. எத்தனை கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர்! சீர் வரிசையில் மனத்தாங்கலாகிப்போன தாய்மாமன் குரூப் போட்டோவில் நிற்பார் பாருங்கள், உடம்பு மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும், கண் பந்தல்காரனைப் பார்த்துக்கொண்டிருக்கும். சண்டை போட மாட்டார், சாப்பிடாமலும் போக மாட்டார், மொய்யும் வைப்பார். முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். அதேதான் இது. அவர் கம்ப்யூட்டரில் தான் நிமிர்த்திக் கொடுத்த படங்களின் பழைய பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ராஜலிங்கத்தின் கண் வலது பக்கம் ஓடியிருந்தது. அன்றைக்குத் தங்கப்பழம் இடது பக்கம் நின்று "நாடியத் தூக்குல" என்று கத்திக்கொண்டிருந்தார். அடுத்த பிள்ளைக்கு அம்மா நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதற்கடுத்த பிள்ளைக்கு மாமா நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். நாற்பத்து மூன்று பேர். எல்லாரையும் இழுத்துவைத்து நேராக்கி, கவரில் போட்டு, ஒட்டி, பெற்றவர்கள் கையில் கொடுத்தது அவர்தான். ஞானதிரவியத்துக்கு அழுகை வந்தது. கடையில் வைத்து அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

கிருபையை வீட்டுக்கு அனுப்பினார். "என்ன ஆச்சு வே, பி.ஃபார்ம். செயினைத்தான முடிவு பண்ணியிருக்கிய?" என்று எட்டிப் பார்த்த நயினாரை, "நீரு போய் உம்ம கடையைப் பாரும்" என்று விரட்டினார். கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். மணி மூன்று.

"ஏட்டி பெர்சிஸ், உனக்கு என்ன படிக்கணும்?"

"எதுன்னாலும் சரிப்பா."

"சரின்னு சொல்லாத. நான் கேக்கது உன்னைய."

பெர்சிஸ் கோட்டுப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "எனக்குத் தெரியலப்பா" என்றாள்.

உடையாங்குறிச்சியில் பதினெட்டு வயதுப் பிள்ளை சொல்லக் கூடாத வார்த்தை அது. டாக்டர் என்று சொல்லலாம், கலெக்டர் என்று சொல்லலாம், ஒன்றுக்கும் உதவாதவன் ராக்கெட் விடப்போகிறேன் என்றுகூடச் சொல்லலாம், கைதட்டுவார்கள். தெரியவில்லை என்று சொன்னால் திருநீறு பூசவோ ஜெபம் பண்ணவோ கூட்டிப்போவார்கள். ஞானதிரவியத்தின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, ஐந்நூற்று முப்பத்தொன்று வாங்கிய பிள்ளைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று. விழுங்கிக்கொண்டார்.

"கொஞ்சங்கூடவா தெரியல?"

அவள் பதினொரு தாள்களையும் புரட்டி, அடியில் கிடந்த சுகந்தி டீச்சரின் தாளை எடுத்தாள். "இதுல ஊர் ஊரா அலையணும் போலப்பா. மலை, ஆறு, சுரங்கம்னு. அலஞ்சு பாக்கலாமான்னு ஒரு எண்ணம். அம்புட்டுதான். பிடிக்குமா பிடிக்காதான்னு தெரியாது. வேலை கெடைக்குமான்னும் தெரியாது."

"சரி, போயிட்டு, பிடிக்கலன்னா?"

"அதான்."

"எதான்?"

"பிடிக்கலன்னா உங்க முகத்துல எப்பிடி முழிக்கது? நீங்க சொன்னதப் படிச்சுப் பிடிக்கலன்னாலும் சொல்ல முடியாது. நானா எடுத்துப் பிடிக்கலன்னா அதுக்கு மேல. எதுல சேந்தாலும் பிடிச்சுருக்குன்னு ஆயுசு பூரா சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு எது படிச்சா என்ன? அதான் எல்லாத்துக்கும் சரின்னேன்."

இதை அவள் அழாமல்தான் சொன்னாள். வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தான். ஞானதிரவியம் ரொம்ப நேரம் லென்ஸ் மூடியைத் துடைத்தார், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"பிடிக்கலன்னா வீட்டுக்கு வந்துரு" என்றார். "ஒரு வருசம் போனாலும் போவட்டும், ரெண்டு வருசம் போனாலும் போவட்டும். வேற ஒண்ணு பாத்துக்கிடுவோம். நான் அன்னைக்கே சொன்னேன்லான்னு ஒரு நாளும் சொல்ல மாட்டேன்."

"சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன் பிள்ள."

"சத்தியமா?"

"நம்ம சபையில சத்தியம் பண்ணக் கூடாதும்பாங்கள்லா."

"அப்பம் சொல்லுவீங்க."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்" என்றார் ஞானதிரவியம், சபையாவது ஒன்றாவது.

"அம்மா சொல்லுவா."

"அவா சொல்லத்தான் செய்வா. அதுக்கு நான் பொறுப்பில்ல."

பெர்சிஸ் சிரித்துவிட்டாள். ரெண்டு வாரத்துக்குப் பிறகு அந்தக் கடையில் கேட்ட முதல் சிரிப்பு. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பக்கத்து ஊருக்குப் பஸ் ஏற நேரமில்லை என்று, பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பழைய படத்தையே தேடியெடுத்து ஏற்றினார்கள். நெட் நடுவில் ஒரு தடவை போய்விட்டு வந்தது, இருவரும் சேர்ந்து அதைத் திட்டினார்கள். நாலு மணி இருபதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. கிருபைக்குப் போனில் சொன்னதும் அந்தப் பக்கம், "கல்லு ஒடைக்கவா என் பிள்ளையப் பெத்தேன்?" என்று ஆரம்பித்தது. போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெர்சிஸ் கழற்றி வைத்திருந்த கோட்டை எடுத்து மாட்டினாள்.

"இப்பம் ஒண்ணு எடுங்கப்பா."

"வேண்டாம்ட்டி. அதான் போட்டாச்சுல்லா."

"எடுங்க. என்ன விழுந்தாலும் நீங்க பாக்கணும்."

அவர் கவரில் பெயரை எழுதினார், நிலவியல் என்று எழுதினார். நாடியைத் தூக்கச் சொல்லவில்லை, தோளை நிமிர்த்தச் சொல்லவில்லை, இங்கே பார் என்றும் சொல்லவில்லை. சொல்லி வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். பட்டனை அமுக்கிவிட்டு, மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். படம் இறங்குகிற சத்தம் கேட்டது. பெர்சிஸ் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, "தாகமா இருக்கு, கலர் வாங்கிட்டு வாரேன்" என்று ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் அவர் திரும்பினார்.

ஞானதிரவியம் ஷட்டரைத் தூக்கிய சத்தம் கேட்டதும் நயினார் உள்ளே நுழைந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் அந்த மனுஷர் தன் சொந்தக் கடையில் உட்கார்ந்திருந்தாரே, அதுவே பெரிது. மேஜையில் கிடந்த எட்டு காப்பியில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன வே இது, நேத்து பாத்த அதே கறுத்த முகம். அதே நரை. பொட்டுத் தங்கம் இல்ல. கன்னம் ஒட்டிப்போய்க் கெடக்கு. ஒரு பல்லு வேற ஒடஞ்சிருக்கு. போயும் போயும் இதையா போட்டிய?"

ஞானதிரவியம் வேறொரு கணக்கில் இருந்தார். மகளுக்கு இப்போது பதினெட்டு, தனக்கு நாற்பத்தேழு. படத்தில் இருக்கிறவளுக்கு நாற்பது என்றால் தனக்கு அறுபத்தொன்பது. அதைத்தான் விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணு மட்டும் நேரா வந்திருக்கு, அது என்னவோ சரி" என்று நயினார் படத்தை இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனார். "ஆனா வாயத் தொறந்துக்கிட்டுல்லா இருக்கா. போட்டோ எடுக்கும்போது யாராவது கொட்டாவி விடுவாவளா?"

"கொட்டாவி இல்ல வே. பேசிக்கிட்டு இருக்கா."

"யார்ட்ட?"

ஞானதிரவியம் அந்தப் படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"என்ட்ட" என்றார்.